1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கிரேக்க அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் நவீன ஒலிம்பிக்கை நடத்தியது கிரேக்கம். அந்த நாட்டு வீரர்களைப் பற்றி வினாடி வினா நடத்துபவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், விளையாட்டுக் கட்டுரை எழுதுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பதிவில் இருப்பது எது, பின்னால் ஒட்டிக்கொண்ட கதை எது என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

கிரேக்கம் மொத்தம் எத்தனை பதக்கம் வென்றது? ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வோர் எண் இருக்கிறதே?

முதலிடம் 10. இதில் தகராறு இல்லை. அமெரிக்கா 11 முதலிடம். இதிலும் இல்லை. குழப்பமெல்லாம் இரண்டாம், மூன்றாம் இடங்களில்தான். அதனால்தான் கிரேக்கத்தின் மொத்தம் சில பட்டியல்களில் 46 என்றும் சிலவற்றில் 47 என்றும் வருகிறது.

இதற்கு ஒரு காரணம் டென்னிஸ் இரட்டையர். இறுதிப் போட்டியில் தோற்ற ஜோடி தியோனிசியோஸ் காஸ்தாக்லிஸ், திமித்ரியோஸ் பெட்ரோகோகினோஸ். காஸ்தாக்லிஸ் எகிப்தில் வாழ்ந்த கிரேக்கர். அவரை எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது என்பதைப் பொறுத்து அந்த இரண்டாமிடம் கிரேக்கத்துக்குப் போகும், அல்லது 'கலப்பு அணி' என்ற தனி வரிக்குப் போகும்.

பட்டியல் போடுபவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் 10, 11 என்ற முதலிடக் கணக்கை எழுதுங்கள். பிறகு மொத்தத்தை ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். இரண்டாமிடத்தை ஒரு பட்டியலிலிருந்தும் மூன்றாமிடத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கூட்டினால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தொகை வந்து நிற்கும். இணையத்தில் பரவும் தவறான எண்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அப்படியானால் 10 தங்கப் பதக்கம் என்று சொல்லலாமா?

பேச்சு வழக்கில் சொல்லலாம். தேர்வில் 'தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது' என்று எழுதினால் தவறு. 1896இல் முதலிடம் பெற்றவருக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கம், ஆலிவ் கிளை, சான்றிதழ். இரண்டாமிடத்துக்கு வெண்கலப் பதக்கமும் லாரல் கிளையும். மூன்றாமிடத்துக்கு ஒன்றுமே இல்லை. இன்று பட்டியல்களில் நாம் பார்க்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் எல்லாம் பின்னால் வந்த வழக்கத்தை முன்தேதியிட்டுப் பொருத்தியவை. பதக்கத்தை வடிவமைத்தவர் பிரெஞ்சுச் சிற்பி ஷூல் ஷாப்ளான்.

அந்தப் பத்துப் பேர் யார்?

துப்பாக்கி சுடுதலில் மூவர்: 200 மீட்டர் ராணுவத் துப்பாக்கியில் பந்தேலிஸ் கராசெவ்தாஸ், 300 மீட்டர் துப்பாக்கியில் யோர்கியோஸ் ஓர்ஃபனிதிஸ், 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கியில் இயோவானிஸ் ஃபிரங்குதிஸ்.

வாள்வீச்சில் இருவர்: ஆசிரியர்களுக்கான ஃபாயில் (நுனியால் குத்த மட்டுமே பயன்படும் மெல்லிய வாள்) பிரிவில் லெயோனிதாஸ் பிர்கோஸ், சேபரில் (குத்தவும் வெட்டவும் பயன்படும் வாள்) இயோவானிஸ் யோர்கியாதிஸ்.

ஜிம்னாஸ்டிக்ஸில் இருவர்: வளையங்களில் இயோவானிஸ் மித்ரோபுலோஸ், கயிறு ஏறுதலில் நிகோலாவோஸ் அந்திரியாகோபுலோஸ்.

மீதி மூவர் ஆளுக்கொரு விளையாட்டில்: மாலுமிகளுக்கான 100 மீட்டர் நீச்சலில் இயோவானிஸ் மலோகினிஸ், சாலை சைக்கிள் பந்தயத்தில் அரிஸ்திதிஸ் கொன்ஸ்தந்தினிதிஸ், மாரத்தானில் ஸ்பிரிதோன் லூயிஸ்.

கிரேக்கப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒலி சற்று முன்பின் இருக்கும். 'ஸ்பைரிடன் லூயிஸ்' என்று பாடப்புத்தகத்தில் இருந்தால் அவர் இதே ஆள்தான்.

முதல் கிரேக்க வெற்றியாளர் லூயிஸ்தானே?

இல்லை. வினாடி வினாக்களில் அதிகம் தவறாகும் கேள்வி இது. லூயிஸ் ஓடியது ஏப்ரல் 10. அதற்கு மூன்று நாள் முன்பே, ஏப்ரல் 7 அன்று, ஸாப்பியோன் மண்டபத்தில் பிர்கோஸ் பிரான்ஸின் பெரோனேயை 3-1 என்று வென்றுவிட்டார். நவீன ஒலிம்பிக்கின் முதல் கிரேக்க வெற்றியாளர் அவர்தான். அவர் போட்டியிட்டது வாள்வீச்சு ஆசிரியர்களுக்கான பிரிவு. கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவர்களுக்குத் திறந்திருந்த ஒரே பிரிவும் அதுதான். அந்தப் பிரிவில் மொத்தம் இருவர்தான் என்பதால் நடந்ததே ஒரே ஆட்டம். அதன் பெருமை மாரத்தானின் பெருமைக்கு முன் மங்கிப்போனதில் வியப்பில்லை.

கிரேக்க 'அணி' எப்படித் தேர்வு செய்யப்பட்டது?

இன்றைய பொருளில் தேசிய அணி என்று ஒன்று அன்றைக்கு இல்லை. கிரேக்கத்தின் தடகளச் சங்கங்களுக்கான தேசியக் கூட்டமைப்பே 1897இல்தான் உருவானது. 1896இல் இறங்கியவர்கள் உடற்பயிற்சிக் கழகங்களின் உறுப்பினர்கள், படைவீரர்கள், மாலுமிகள், மாணவர்கள், சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்கள். ஏதென்ஸின் பான்எலினியோஸ், எத்னிகோஸ் என்ற இரு கழகங்களும் 1890களில் தொடங்கப்பட்டவை, அதாவது ஐந்து வயதுக்கு மேல் ஆகாதவை. ஜிம்னாஸ்டிக்ஸ் இணைக்கம்பி குழுப் போட்டியில் இந்த இரண்டும் தனித்தனி அணிகளாகவே இறங்கி, ஜெர்மனிக்கு அடுத்து இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தன. ஒரே நாடு, இரண்டு அணி. இன்றைய விதிக்குள் வைத்துப் பார்த்தால் இது புரியாது.

எத்னிகோஸ் அணியில் இருந்த திமித்ரியோஸ் லூந்திராசுக்கு அப்போது வயது 10. வயது உறுதியாகத் தெரிந்த ஒலிம்பிக் வீரர்களில் மிக இளையவர் இன்றும் அவரே.

தடகளத்துக்கு முறையான தேர்வு நடந்தது. மார்ச் மாதம் பான்ஹெலனிக் போட்டிகள் என்ற பெயரில் உள்நாட்டுப் போட்டி வைத்தார்கள். மாரத்தானுக்கு மட்டும் இரண்டு சோதனை ஓட்டங்கள். முதலாவதில் கரிலாவோஸ் வசிலாகோஸ் 3 மணி 18 நிமிடத்தில் வென்றார். இரண்டு வாரம் கழித்து நடந்த இரண்டாவதில் லாவ்ரெந்திஸ் 3:11:27. அதில் ஐந்தாவதாக வந்தவர்தான் லூயிஸ்.

கிரேக்க ராஜ்யத்தின் எல்லைக்கு வெளியே இருந்தவர்களும் சேர்ந்தார்கள். சைப்ரஸ் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. லிமசோலைச் சேர்ந்த அனஸ்தாசியோஸ் அந்திரெயு 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். காஸ்தாக்லிஸை மேலே பார்த்தோம்.

போட்டியாளர்களில் பெரும்பாலோர் கிரேக்கர்கள் என்பது உண்மையா? அதனால்தான் இத்தனை பதக்கமா?

முதல் பாதி உண்மை. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கணக்கில் 14 நாடுகள், 241 வீரர்கள். எல்லோரும் ஆண்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கிரேக்கர்கள். பயணச் செலவை அரசு ஏற்காத காலம் அது. அமெரிக்காவிலிருந்து கப்பலும் ரயிலும் மாறி மாறி ஏதென்ஸ் வந்து சேர இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. ஆகவே வந்தவர்கள் குறைவு.

ஆனால் ஆள்பலம் மட்டும் முதலிடத்தைத் தரவில்லை. விளையாட்டு வாரியாகப் பிரித்தால் இது தெளிவாகத் தெரியும். துப்பாக்கி சுடுதலில் 5 போட்டிகளில் 3 கிரேக்கத்துக்கு. வாள்வீச்சில் 3இல் 2. ஜிம்னாஸ்டிக்ஸில் 8இல் 2. நீச்சலில் 4இல் 1. சைக்கிளில் 6இல் 1. தடகளத்தில் 12இல் ஒன்றே ஒன்று. மல்யுத்தம், பளுதூக்குதல், டென்னிஸ் மூன்றிலும் சேர்த்து 5 போட்டிகள், முதலிடம் பூஜ்யம். மொத்தம் 43 போட்டிகளில் 10.

ஆக, ராணுவத்திலும் அரண்மனை வட்டத்திலும் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த கலைகளில் கிரேக்கர்கள் வென்றார்கள். துப்பாக்கியும் வாளும் அவை. கல்லூரி விளையாட்டாக வெளிநாட்டில் வளர்ந்த ஓட்டம், தாண்டுதல், எறிதலில் ஆள் இருந்தும் தோற்றார்கள். அமெரிக்காவின் 11 முதலிடத்தில் 9 தடகளத்தில் வந்தவை. அவர்கள் அணியில் இருந்தவர்கள் 14 பேர்தான்.

வட்டு எறிதல் கிரேக்கரின் சொந்த விளையாட்டு ஆயிற்றே, அதில் எப்படித் தோற்றார்கள்?

ஏப்ரல் 6, முதல் நாள். பழங்காலச் சிலைகளில் பார்த்த நிலையில் உடலை வளைத்து நின்று எறியும் பாணியில் கிரேக்கர்கள் பயிற்சி எடுத்திருந்தார்கள். வேறு எந்த நாட்டிலும் அப்போது வட்டு எறிதல் ஒரு போட்டியாகவே இல்லை. சோதிரியோஸ் வெர்சிஸ், பனயோதிஸ் பரஸ்கெவோபுலோஸ் இருவரில் ஒருவர் வெல்வார் என்பது ஊரறிந்த எதிர்பார்ப்பு.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் கேரட் ஊரில் இருக்கும்போது ஒரு வட்டு செய்யச் சொல்லிப் பழகிப் பார்த்தவர். செய்து கிடைத்தது தூக்கவே சிரமமான எடை. அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டார். ஏதென்ஸில் உண்மையான வட்டு ஏறக்குறைய 2 கிலோதான் என்று கண்டதும் பெயர் கொடுத்தார். அவர் எறிந்தது 29.15 மீட்டர். பரஸ்கெவோபுலோஸ் 28.95. வெர்சிஸ் 27.78. வித்தியாசம் 20 சென்டிமீட்டர்.

தோல்விக்குக் காரணம் பாணிதான் என்று பலர் எழுதுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. சிலையின் நிலை பார்க்க அழகு, ஆனால் முழுச் சுழற்சியின் வேகம் அதில் வராது. அதற்காகக் கேரட் ஏதோ நவீன நுட்பத்தோடு வந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அந்த வட்டே புதிது. 20 செ.மீ. என்பது எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கக்கூடிய இடைவெளி. மறுநாள் குண்டு எறிதலிலும் கேரட்தான், 11.22 மீட்டர். மில்தியாதிஸ் கூஸ்கோஸ் இரண்டாமிடம்.

மைதானம் சொந்த மைதானம். ஓட்டப்பந்தயங்களில் அது உதவவில்லையா?

பெரிதாக இல்லை. பானதினைகோ மைதானத்தின் ஓடுபாதை லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சார்லஸ் பெரி என்பவர் அமைத்தது. போட்டிக்குச் சற்று முன்புதான் முடிந்தது. கிரேக்கர்களுக்கும் அது புதுசு. சுற்று 333.33 மீட்டர். பழைய மைதானத்தின் வடிவம் குறுகலான லாடம் போன்றது என்பதால், நீண்ட இரு பக்கங்களின் முடிவில் வளைவு சட்டென்று மடங்கும். வேகமாக வந்தவர் வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே தள்ளப்படுவார். தளமும் இறுகாமல் மென்மையாக இருந்தது. போதாததற்கு ஓடிய திசை வலஞ்சுழி, இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். அந்த ஆண்டின் நேரங்கள் மந்தமாகத் தெரிவதற்கு இவையே முக்கியக் காரணம்: 100 மீட்டர் 12.0 வினாடி, 800 மீட்டர் 2:11.0. அந்த 800 மீட்டர் இறுதியில் மூன்றாவதாக வந்த கிரேக்கர் திமித்ரியோஸ் கோலெமிஸ் வென்றவரைவிடப் பல வினாடி பின்தங்கியிருந்தார்.

மாரத்தான்: உண்மையில் என்ன நடந்தது?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

மாரத்தான் என்ற ஓட்டம் பண்டைய ஒலிம்பிக்கில் கிடையாது. யோசனை பிரெஞ்சு மொழியியல் அறிஞர் மிஷேல் பிரெயாலுடையது. வெல்பவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பையும் தருவதாக அவர் சொன்னார். தூரம் 40 கி.மீ. மாரத்தான் என்ற ஊரில் ஒரு பாலத்தருகே தொடங்கி ஏதென்ஸ் மைதானத்தில் முடியும். 42.195 கி.மீ. என்பது பிற்கால ஏற்பாடு. அதனால் 1896 நேரத்தை இன்றைய நேரத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

ஏப்ரல் 10, பிற்பகல் 2 மணி. 17 பேர் கிளம்பினார்கள். நால்வர் மட்டுமே வெளிநாட்டவர்: ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃபிளாக், பிரான்ஸின் அல்பான் லெர்முசியோ, அமெரிக்காவின் ஆர்தர் பிளேக், ஹங்கேரியின் கியூலா கெல்னர்.

இனி கவனிக்க வேண்டிய விஷயம். முதல் மூன்று பெயர்களும் மூன்று நாள் முன்பு 1500 மீட்டரில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் பெயர்களே. நடுத்தர தூர ஓட்டக்காரர்கள். ஃபிளாக் அதற்கும் மேலாக, மாரத்தானுக்கு முந்தைய நாள்தான் 800 மீட்டர் இறுதியில் ஓடி வென்றிருந்தார். 40 கி.மீ. ஓடிப் பழகியவர் நால்வரில் கெல்னர் மட்டும். கிரேக்கர்களோ அதே சாலையில் சோதனை ஓட்டம் ஓடியவர்கள். எங்கே ஏற்றம், எங்கே நிழல் இல்லை, எந்த ஊரில் தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் காலுக்குத் தெரியும். சொந்த மண் என்பது உண்மையிலேயே பலன் கொடுத்த ஒரே ஓட்டம் இது.

லெர்முசியோ தொடக்கத்திலேயே பாய்ந்து பெரிய இடைவெளி எடுத்தார். பிளேக் 23 கி.மீ. அருகே நின்றுவிட்டார். பாதை ஏறத் தொடங்கியதும் லெர்முசியோ தளர்ந்து, 32 கி.மீ. வாக்கில் விலகினார். ஃபிளாக் முன்னுக்கு வந்தார். ஒரு சைக்கிள்காரர் அந்தச் செய்தியை மைதானத்துக்குக் கொண்டுபோக, கூட்டம் வாடிப்போனது. அதற்குள் சாலையில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. சீரான வேகத்தில் வந்த லூயிஸ் ஃபிளாக்கைப் பிடித்துத் தாண்டினார். ஃபிளாக் கடைசிச் சில கிலோமீட்டருக்கு முன் நிலைகுலைந்து விழுந்தார். ஓட்டத்தைத் தொடங்கி வைத்த கர்னல் பாப்பாதியமந்தோபுலோஸ் குதிரையில் விரைந்து அரசரிடம் செய்தி சொன்னார். லூயிஸ் நுழைந்தபோது பட்டத்து இளவரசர் கான்ஸ்டன்டைனும் இளவரசர் ஜார்ஜும் அவரோடு சேர்ந்து எல்லைக்கோடு வரை ஓடினார்கள். நேரம் 2:58:50. இரண்டாவது வசிலாகோஸ், 3:06:03.

மூன்றாவதாக வந்தவர் இன்னொரு கிரேக்கர், ஸ்பிரிதோன் பெலோகாஸ். தனக்கு முன்னால் அவர் போகவே இல்லையே என்று கெல்னர் புகார் செய்தார். வழியில் ஒரு பகுதியை பெலோகாஸ் வண்டியில் கடந்தது தெரியவந்தது. தகுதி நீக்கம். 3:06:35இல் முடித்த கெல்னருக்கு மூன்றாமிடம். ஓட்டத்தை முடித்தவர்களில் கிரேக்கர் அல்லாதவர் அவர் ஒருவரே.

லூயிஸ் பற்றிய கதைகளில் எவற்றை நம்பலாம்?

ஏதென்ஸுக்கு வடக்கே மரூசி என்ற ஊர்க்காரர், தந்தையோடு நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர், ராணுவத்தில் இருந்தபோது கர்னல் பாப்பாதியமந்தோபுலோஸின் கீழ் பணியாற்றியவர் என்பவற்றைத் தயங்காமல் எழுதலாம். வழியில் பிகெர்மி கிராமத்தில் ஒரு கோப்பை ஒயின் குடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. கோப்பையில் ஒயினா கோன்யாக் என்ற பிராந்தியா, கொடுத்தது யார் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஓட்டத்துக்கு முந்தைய இரவு முழுக்க உண்ணாவிரதம், ஜெபம் என்பதையும் 'என்று சொல்வார்கள்' போட்டே எழுதுங்கள். பரிசாக என்ன கேட்டார் என்பதற்குப் பெரும்பாலும் வரும் பதில், தண்ணீர் இழுக்க ஒரு வண்டியும் விலங்கும்.

அதன்பின் அவர் பந்தயம் எதிலும் ஓடவில்லை. மரூசியிலேயே இருந்து விவசாயமும் பிறகு உள்ளூர்க் காவல் பணியும் பார்த்தார். 1926இல் ராணுவ ஆவணங்களைத் திருத்தியதாகக் கைதாகி, ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்து, விசாரணையில் விடுதலையானார். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு விருந்தினராகப் போனார். 1940இல் காலமானார். அவர் வாங்கிய பிரெயால் கோப்பை 2012இல் லண்டன் ஏலத்தில் 5,41,250 பவுண்டுக்குப் போனது. வாங்கியது ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸ் அறக்கட்டளை.

கிரேக்கர்கள் வென்றதில் நடத்துபவர்களின் தயவு இருந்ததா?

மூன்று இடங்களில் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

ஒன்று, மாலுமிகளுக்கான 100 மீட்டர் நீச்சல். கிரேக்கக் கடற்படை மாலுமிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது விதி. பெயர் கொடுத்தவர்கள் 11, தண்ணீரில் இறங்கியவர்கள் 3. மூவருக்கும் இடம் கிடைத்தது! மலோகினிஸின் நேரம் 2:20.4. அதே நாளில், அதே ஸேயா விரிகுடாவில், எல்லோருக்குமான 100 மீட்டரில் ஹங்கேரியின் அல்ஃப்ரெட் ஹாயோஷ் எடுத்த நேரம் 1:22.2. கடல்நீர் சுமார் 13 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தது. படகில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள், கரை நோக்கி நீந்த வேண்டும். ஹாயோஷ் 1200 மீட்டருக்கு முன் உடம்பெல்லாம் கொழுப்பு பூசிக்கொண்டுதான் இறங்கினார்.

இரண்டு, சேபர் வாள்வீச்சு. ஐவரில் மூவர் கிரேக்கர்கள். சில ஆட்டங்கள் முடிந்த நிலையில் அரச குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்கள் முழுதும் பார்க்க வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து மறுபடி நடத்தினார்கள். ஆஸ்திரியாவின் அடால்ஃப் ஷ்மால் முதலில் வென்றிருந்த ஆட்டங்கள் செல்லாமல் போயின. மறுபடி ஆடியதில் அவர் பின்தங்க, யோர்கியாதிஸ் எல்லோரையும் வென்றார். ஷ்மால் மேல் பரிதாபப்படுவது நியாயம். அதே சமயம் யோர்கியாதிஸ் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்று, வளையங்கள். நடுவர்கள் ஒத்துப்போகாத நிலையில் இளவரசர் ஜார்ஜின் வாக்கு மித்ரோபுலோஸுக்கு விழுந்தது. இரண்டாமிடம் ஜெர்மனியின் ஹெர்மன் வைன்கார்ட்னர்.

மறுபக்கமும் உண்டு. பளுதூக்குதலில் இருகை முறையில் டென்மார்க்கின் விக்கோ யென்சனும் பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட்டும் ஒரே 111.5 கிலோ தூக்க, பாணி யாருடையது நன்று என்று தீர்மானித்ததும் இதே இளவரசர்தான். அங்கே கிரேக்க ஆதாயம் எதுவும் இல்லை. அரச குடும்பத்தார் நடுவர்களாக உட்கார்ந்ததுதான் கோளாறு. வேண்டுமென்றே சாய்த்தார்கள் என்பதற்குச் சான்று காட்ட முடியாது.

கயிறு ஏறுதல், சைக்கிள் இரண்டும் எப்படி நடந்தன?

கயிறு 14 மீட்டர் உயரம். வேகத்தையும் பாணியையும் பார்த்தார்கள். ஐவரில் உச்சியைத் தொட்டவர்கள் இரண்டு கிரேக்கர்கள் மட்டும். அந்திரியாகோபுலோஸ் 23.4 வினாடி, அவருக்கு அடுத்து தாமஸ் செனாகிஸ். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 12.5 மீட்டரோடு நின்றார், மூன்றாமிடம்.

சாலை சைக்கிள் பந்தயம் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் போய்த் திரும்பி ஃபாலிரோன் சைக்கிள் அரங்கில் முடிவது, 87 கி.மீ. கொன்ஸ்தந்தினிதிஸ் போகும்போதே முன்னிலை. திரும்பும் வழியில் சைக்கிள் பழுதாகி வேறொருவருடையதை வாங்கி ஓட்டினார். கீழேயும் விழுந்தார். இருந்தும் 3:22:31. இரண்டாமவர் ஜெர்மனியின் கோட்ரிஷ் வந்தது 3:42:18இல். மூன்றாமவர் எட்வர்ட் பேட்டல், ஏதென்ஸின் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்தவர். உடல் உழைப்புக்குக் கூலி வாங்குபவர் அமெச்சூர் (பணத்துக்காக அல்லாமல் விளையாடுபவர்) ஆவாரா என்று அவருடைய நாட்டுக்காரர்களே சிலர் முகம் சுளித்தார்கள்.

அரங்குக்குள் நடந்த 100 கி.மீ. பந்தயம் 300 சுற்று. முடித்தவர்கள் இருவரே: பிரான்ஸின் லெயோன் ஃபிளமாங், கிரேக்கத்தின் யோர்கியோஸ் கொலெத்திஸ். நடுவில் கொலெத்திஸின் சைக்கிள் பழுதானபோது ஃபிளமாங் இறங்கிக் காத்திருந்தார் என்பார்கள்.

திவாலான நாடு என்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது?

1893 டிசம்பரில் பிரதமர் திரிக்குபிஸ் நாடு நொடித்துவிட்டதாக அறிவித்தது உண்மை. ஒலிம்பிக்குக்குச் செலவழிக்க அவர் ஒப்பவில்லை. 1895 தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். பட்டத்து இளவரசர் கான்ஸ்டன்டைன் அமைப்புக் குழுவைக் கையில் எடுத்தார். பொதுமக்கள் நன்கொடை, நுழைவுச்சீட்டு, 12 தபால் தலைகள் கொண்ட தொகுதி ஆகியவற்றிலிருந்து பணம் திரண்டது. மைதானத்தைப் பளிங்கில் புதுப்பிக்க அலெக்சாந்திரியா வணிகர் யோர்கியோஸ் அவெரோஃப் மட்டும் கொடுத்தது சுமார் 9,20,000 திராக்மா. போட்டி தொடங்குவதற்கு முதல் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, மைதானத்தின் முன் அவருக்குச் சிலை திறந்தார்கள்.

ஒரு புத்தகத்தில் மார்ச் 25, இன்னொன்றில் ஏப்ரல் 6. எது சரி?

இரண்டும் ஒரே நாள். கிரேக்கம் அப்போது, இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. 1923இல்தான் மாறியது. மாற்றும் முறை எளிது: 1896 தேதியோடு 12ஐக் கூட்டுங்கள். மார்ச் 29 மாரத்தான் என்றால் ஏப்ரல் 10. பிப்ரவரித் தேதியை மாற்றும்போது அது நெட்டாண்டு, 29 நாள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பிப்ரவரி 27 நடந்த முதல் சோதனை ஓட்டம் மார்ச் 10 ஆகும். 1900 மார்ச் முதல் வரும் தேதிகளுக்கு 13 கூட்ட வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழை, ஏற்கெனவே மாற்றிய தேதியை மறுபடி மாற்றுவது. 'ஏப்ரல் 18இல் தொடக்கம்' என்று எங்காவது பார்த்தால் அது இந்த வகை. நிறைவு விழாவுக்கு ஏப்ரல் 14, 15 என்று இரு தேதி இருப்பது வேறு காரணத்தால்: 14ஆம் தேதி மழை, ஒரு நாள் தள்ளி 15இல் நடத்தினார்கள். மோசமான வானிலையால் படகுப் போட்டிகள் நடக்கவே இல்லை.

மார்ச் 25 கிரேக்க விடுதலை நாள். தொடக்கத்துக்கு அதைத் தேர்ந்ததும் அதனால்தான்.

கிரேக்கப் பெண் ஒருவர் மாரத்தான் ஓடினாராமே?

ஸ்தமாதா ரெவிதி. போட்டியில் சேர்க்க மறுத்ததால், மறுநாள் ஏப்ரல் 11 அன்று தனியாக அதே வழியில் ஓடினார். சுமார் ஐந்தரை மணி நேரம். அதிகாரப்பூர்வ முடிவுகளில் அவர் பெயர் இல்லை.

அடுத்த ஒலிம்பிக்கில் கிரேக்கம் எப்படி ஆடியது?

1900 பாரிஸுக்கு ஒருசிலரே போனார்கள். பரஸ்கெவோபுலோஸும் வெர்சிஸும் அங்கும் வட்டு எறிந்தார்கள். பதக்கம் ஒன்றும் இல்லை. 1904 செயின்ட் லூயிஸில் பளுதூக்குதலில் பெரிக்லிஸ் காகூசிஸ் முதலிடம், வட்டு எறிதலில் நிகோலாவோஸ் யோர்கந்தாஸ் மூன்றாமிடம். 1906இல் ஏதென்ஸில் நடந்த இடைக்கால விளையாட்டுகளில் கிரேக்கர்கள் மீண்டும் நிறையப் பதக்கம் வாங்கினார்கள். ஆனால் அதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு ஒலிம்பிக்காகக் கணக்கில் எடுப்பதில்லை. கிரேக்கத்தின் மொத்தப் பதக்கத்தைக் கூட்டுகிறவர்கள் 1906ஐத் தனி வரியில் எழுதிவிடுவது நல்லது.